செஃப் ஊரில் இல்லாத ஆகஸ்ட்: மெக்சிகோ சிட்டி உணவகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மெக்சிகோ சிட்டியின் ரோமா பகுதியில் உள்ள ஒரு நடுத்தர உணவகத்தில் 2023 தொடக்கத்திலிருந்து 2024 இறுதி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். உணவகங்களின் உள்நடைமுறையைப் பார்த்துச் சொல்வது என் தொழில். 2023 செப்டம்பரில் பங்குதாரர் அழைத்தபின்தான் உள்ளே போனேன். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி எழுதியிருப்பதற்கு அங்கே வேலை செய்பவர்கள் சொன்னவையும், அவர்களுடைய பதிவேடுகளும், வாட்ஸ்அப் செய்திகளும்தான் ஆதாரம். யாருடைய பெயரும் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

செஃப் நாற்பதுகளில் இருக்கும் பெண். தாய்வழி ஊர் புவேப்லா மாநிலத்தில், போபோகாதெபெத்ல் எரிமலை அடிவாரத்துக் கால்பான் பக்கம். வளர்ந்தது தலைநகரில். சமையல் படித்து, இரண்டு பெரிய கிச்சன்களில் வேலை பார்த்துவிட்டு, கல்லூரித் தோழியைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு இந்த உணவகத்தைத் தொடங்கினார். சுமார் நாற்பது பேர் உட்காரலாம். கணக்கு, வாடகை, உரிமங்கள் எல்லாம் தோழியின் பொறுப்பு. சமையலும் வெளியே முகம் காட்டுவதும் செஃப் பொறுப்பு.

முகம் காட்டுவது சின்ன வேலை இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு மெக்சிகோ சிட்டியில் வெள்ளைத் துணி விரித்த மேசை என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலியச் சாப்பாடுதான். 2000-இல் மெக்சிகோச் சமையலையே உயர்தர மேசைக்குக் கொண்டுவந்த புஜோல் உணவகம் திறந்தது. 2010-இல் மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோளமும், உலர் மிளகாயை அரைத்துச் செய்யும் மோலே குழம்பும் பெரிய மேசைக்கு ஏறின; கூடவே சமைப்பவர்களும் அடுப்படியை விட்டு வெளியே வந்தார்கள். 2023-இல், இதே ரோமாவில் உணவகம் நடத்தும் எலேனா ரெய்காதாஸ் உலகின் சிறந்த பெண் செஃப் என்று அறிவிக்கப்பட்டபோது, அக்கம்பக்கத்தில் இருந்த மற்றப் பெண் செஃப்களுக்கும் போன் கூடுதலாக அடிக்கத் தொடங்கியது. நம் செஃப் அவர்களில் ஒருவர்.

அழைப்புக்கு ஓய்வே இல்லாத ஊர் அது. பிப்ரவரி 2 கந்தேலாரியா என்ற கிறிஸ்தவத் திருநாள். ஜனவரி 6-ஆம் தேதி ரோஸ்கா ரொட்டியில் யார் துண்டுக்குள் குழந்தைப் பொம்மை கிடைத்ததோ, அவர் கந்தேலாரியா அன்று எல்லோருக்கும் தமாலே, அதாவது மடலில் பொதிந்து அவித்த சோள மாவுப் பண்டம், போட வேண்டும். செஃபுக்குப் பொம்மை கிடைக்காத ஆண்டிலும் தமாலே அவர் தலையில்தான் விழும், ஏனென்றால் செஃப் ஆயிற்றே. அதே மாதம் சோனா மாக்கோ ஓவியச் சந்தை. அந்த வாரம் நகரத்தின் கலைக்கூடங்கள் எல்லாம் விருந்து வைக்கும். மே 10 அன்னையர் தினம். எந்தக் கிழமையில் வந்தாலும் சரி, உணவகங்களுக்கு அது போர்க்களம். ஜூலை முதல் செப்டம்பர் வரை சிலெஸ் என் நொகாதா என்ற அடைத்த மிளகாய்ப் பதார்த்தத்தின் பருவம். நவம்பர் முதல் இரண்டு நாளும் இறந்தோர் நினைவு. மாதக் கடைசியில் குவாதலஹாரா புத்தகக் கண்காட்சி. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய போசாதா விருந்துகள் ஒன்பது இரவுகள்.

இதற்கிடையே செஃப் ஒரு வார இதழில் பத்தி எழுதினார். வானொலியில் பேசினார். தட்டு வடிவங்களை வரைந்து, மட்பாண்டம் செய்யும் தோழியிடம் கொடுத்துச் சுடவைத்தார். சமையல் புத்தகம் ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். கால்பானிலும் தலைநகரிலுமாக ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஞானத்தாய். அங்கே ஞானத்தாய் என்பது பெயரளவு உறவு இல்லை. ஞானஸ்நானத்தில் தொடங்கி, பெண் குழந்தையின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா, திருமணம் வரைக்கும் நீளும் பொறுப்பு. இவற்றோடு ‘நான்கு கை’ விருந்துகள் சேர்ந்துகொண்டன. வேறொரு ஊர் செஃபுடன் சேர்ந்து ஒரே இரவுக்குச் சமைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற வகை. முடியாது என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை. நேருக்கு நேர் மறுப்பது அங்கே கொஞ்சம் முரட்டுத்தனம். நமக்கும் அது புதிதில்லை.

2023 ஆகஸ்ட்

சிலெஸ் என் நொகாதா சுவதேசிப் பெருமை கலந்த பதார்த்தம். 1821-இல் மெக்சிகோ விடுதலைத் தளபதி அகுஸ்தின் தே இத்துர்பிதே புவேப்லாவுக்கு வந்தபோது கன்னியர் மடத்தில் செய்து கொடுத்தார்கள் என்று கதை. பொப்லானோ மிளகாயைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, விதை எடுத்து, அதற்குள் இறைச்சிக் கொத்துடன் ஆப்பிள், பேரிக்காய், பீச், பாதாம், உலர்திராட்சை சேர்த்த பூரணத்தை அடைக்க வேண்டும். மேலே நொகாதா எனப்படும் வெள்ளை வால்நட் சாஸ், மாதுளை முத்து, பார்ஸ்லி இலை. பச்சை, வெள்ளை, சிவப்பு: மெக்சிகோ கொடியின் நிறம்.

மற்றதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. வால்நட்தான் வதை. அதற்குப் புதுக்காய் வேண்டும். ஓட்டை உடைத்ததும் பருப்பின் மேல் மெல்லிய தோல் இருக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் கிள்ளி, மடிப்பு மடிப்பாக உரித்தெடுக்க வேண்டும். காய் புதிதாக இருந்தால் தோல் ஈரக் காகிதம் போல் வந்துவிடும். ஓரிரு நாள் காய்ந்துவிட்டால் பருப்போடு ஒட்டிக்கொள்ளும். தோல் துளி இருந்தாலும் சாஸ் கசக்கும், பழுப்பேறும். ஒரு கிண்ணம் உரிப்பதற்குள் விரல்நுனி எல்லாம் கறுத்துவிடும், வாரக்கணக்கில் போகாது. இயந்திரத்தால் ஆகிற வேலை இல்லை.

இந்த உணவகத்தில் அதைச் செய்துவந்தவர்கள் செஃபின் சித்திகளும் அவர்களுடைய மகள்களும். பருவம் தொடங்கியதும் அடுத்தடுத்த வார இறுதிகளில் செஃப் வண்டி அனுப்புவார். வந்தவர்களுக்கு நல்ல மதியச் சாப்பாடு. பிறகு பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே உரிப்பார்கள். செஃபும் அவர்களோடு உட்காருவார். கூலி என்று ஒன்றும் கிடையாது; போகும்போது பை நிறையச் சாமான் கொடுத்தனுப்புவார்.

2023 ஆகஸ்ட் இரண்டாம் வாரம் செஃப் ஊரில் இல்லை. கடற்கரை ஊர் ஒன்றில் ‘நான்கு கை’ விருந்து, அங்கிருந்து நேரே வேறொரு நகரத்தில் தொலைக்காட்சிப் படப்பிடிப்பு. சித்திகளைக் கூப்பிட நேரம் கிடைக்கவில்லை. கிச்சனில் செஃபுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் சூ செஃப் அழைத்துப் பார்த்தார். மூத்த சித்தி கோபிக்கவில்லை. “அவள் வந்ததும் சொல்லுப்பா, வந்துடுறோம்” என்றார். வீட்டுக்காரி இல்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போவது எப்படி? அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் கால்பானிலிருந்து காய் மூட்டைகள் சொன்ன தேதியில் வந்து இறங்கிவிட்டன.

கிச்சன் ஆட்கள் இரவு சர்வீஸ் முடிந்தபின் உட்கார்ந்து உரித்தார்கள். மூன்றாம் நாள் காய் காய்ந்து தோல் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் பாதிகூட ஆகவில்லை. புக்கிங் நிறைந்திருந்தது. சூ செஃப் உரித்த வால்நட்டுடன் உலர்ந்த பெக்கான் பருப்பைச் சேர்த்து, நிறத்துக்குக் க்ரீம் சீஸ் கூட்டி அரைத்தார். படம் எடுத்துச் செஃபுக்கு அனுப்பினார். விமான நிலையத்திலிருந்து கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்று திரும்பி வந்தது. நான் வாட்ஸ்அப்பில் பார்த்தேன்: படம் போனதற்கும் குறி வந்ததற்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. அதைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்திருக்கக்கூட நேரம் போதாது.

சனிக்கிழமை மதியம் புவேப்லாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பாட்டி ஒரு வாய் எடுத்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். பரிமாறியவரை அருகே அழைத்து, சாஸ் நன்றாகவே இருக்கிறது, ஆனால் இது நொகாதா இல்லை என்று தணிந்த குரலில் சொன்னார். பில்லை முழுமையாகக் கட்டிவிட்டுப் போனார்கள். ஞாயிறு இரவு செஃப் திரும்பி வந்து ருசி பார்த்தார். அன்றே மெனுவிலிருந்து எடுத்துவிட்டார். எல்லோர் முன்னாலும் சூ செஃபிடம் குரலை உயர்த்தினார். செவ்வாய் காலை, சோள மாவைக் கவனிக்கும் அம்மாளும் அடுப்பில் நிற்கும் ஒரு மூத்த சமையல்காரரும் வேலையை விடுவதாகச் சொன்னார்கள். அம்மாளைப் பங்குதாரர் கெஞ்சி நிறுத்தினார். சமையல்காரர் போய்விட்டார்.

உள்ளே போனபோது கவனித்தவை

பங்குதாரர் என்னிடம் முதலில் சொன்னது: “அவள் ஊர் சுற்றுவதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.” கேட்பதற்கு அப்படித்தான் இருந்தது. நானும் அந்த எண்ணத்தோடுதான் பார்க்கத் தொடங்கினேன்.

காலை வேலை தங்குதடையின்றி ஓடியது. மாவு அம்மாள் முந்தின மாலையே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டுவிடுவார். விடியுமுன் வந்து கழுவி, தோல் தேய்த்து, அரவையில் விடுவார். மாவை உருட்டி உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பார். ஓரம் வெடித்தால் கொஞ்சம் தண்ணீர். யாரையும் கேட்க மாட்டார். செஃப் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டோர்ட்டியா என்ற சோள ரொட்டி ஒன்றுபோலவே இருந்தது.

மோலேயின் கதை வேறு. முலாத்தோ, ஆஞ்சோ, பாசில்லா என்று மூன்று உலர் மிளகாய்களைப் பன்றிக்கொழுப்பில் வறுத்து, எள், பாதாம், உலர்திராட்சை, கிராம்பு, பட்டை, பழைய டோர்ட்டியா, சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்துப் பல மணி நேரம் கிளறுவது. மிளகாய் ஒரு கணம் கூடுதலாகக் கருகினால் அண்டா முழுக்கக் கசப்பு. உப்பு, இனிப்பு, மிளகாயின் ஆழம் மூன்றும் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் செஃபின் நாக்கு மட்டுமே முடிவு செய்தது. அவர் வெளியூரில் இருந்தால் சூ செஃப் அண்டாவை இறக்காமல் சிறு தீயில் வைத்துக் காத்திருப்பார். குரல் செய்தி போகும். பதில் மாலையில் வரும். அதற்குள் அடிப்பிடித்த நாளும் உண்டு. சூ செஃபுக்கு ருசி தெரியாமலா? பன்னிரண்டு வருடம் அடுப்பில் நின்றவர். ஆனால் “சரி, இறக்கலாம்” என்று சொல்லும் உரிமை அவருக்கு ஒருபோதும் தரப்படவில்லை. தந்ததாகச் செஃப் நினைத்துக்கொண்டிருந்தார். சொன்னதாக அவருக்கு நினைவு. கேட்டதாக இவருக்கு நினைவில்லை.

அடுத்ததாகச் செய்தது ஒரு சாதாரண வேலை. செஃப், பங்குதாரர், சூ செஃப் மூவரையும் உட்காரவைத்து, மெனுவில் இருந்த ஒவ்வொரு பதார்த்தமும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதினேன். இங்கேதான் பங்குதாரரின் கணக்குத் தடுமாறியது.

அந்த உணவகத்தில் அதிகம் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று, தோமாத்தியோ என்ற பச்சைத் தக்காளி போன்ற காயின் சாஸில் பன்றியிறைச்சியுடன் வேகவைத்த வெர்தோலாகா. நம் ஊர்ப் பருப்புக்கீரைதான் அது, அதே செடி. இந்தச் சமையல் நகரத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இவர்கள் செய்தது வேறு மாதிரி: தண்டைத் தனியே, இலையைத் தனியே, இலை கடைசி நிமிடத்தில். நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோவின் சினாம்பா ஒன்றில் கற்றுக்கொண்டது. ஏரிச் சேற்றைக் கூட்டி அஸ்தேக்குகள் காலத்திலிருந்தே பயிர் செய்துவரும் நிலத் துண்டுகள் அவை. அங்கே தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பரின் தாயார் பிறந்தநாளுக்குப் போனபோது, அந்த அம்மாள் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் செஃப். ஒரு இனிப்பு, ஞானஸ்நான விருந்து ஒன்றிலிருந்து வந்தது. காலைக்கான முட்டைப் பதார்த்தத்தின் மூலம், ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து பொழுது சாயும்வரை மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருந்தபோது ஓவிய நண்பர் ஒருவர் சொன்ன பாட்டி வீட்டுக் கதை. தட்டுகளே மட்பாண்டத் தோழியின் பட்டறையில் கழித்த மாலைகளின் விளைவு. சினாம்பா நண்பர் கீரையும் தருகிறார். சித்திகள் ஊர் வால்நட் தருகிறது.

‘நான்கு கை’ விருந்துகள், மதுபான நிறுவன நிகழ்ச்சிகள், படப்பிடிப்புகள் ஆகியவற்றிலிருந்து வந்த பதார்த்தம் ஒன்றுகூட இல்லை. செஃபே பட்டியலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஆனால் வாடகை அதிலிருந்துதானே போகிறது” என்றார். அதுவும் உண்மை. பங்குதாரரின் பேரேட்டில் அந்த வரவுகள் தெளிவாக இருந்தன.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மூன்று யோசனைகள் மேசையில் இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்து என்பது பங்குதாரர் தரப்பு. நிகழ்ச்சிகளை இன்னும் அதிகமாக்கு என்பது விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் தரப்பு. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்லின் கையேடு மெக்சிகோவுக்கு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். இப்போது கண்ணில் படாமல் இருந்தால் எப்படி என்பது அவர் கேள்வி. செஃபுக்கோ ஞாயிற்றுக்கிழமை சர்வீஸை மூடிவிடலாம் என்று தோன்றியது. அதைப் பங்குதாரர் கேட்கவே தயாராக இல்லை. ஞாயிறு மதியம்தான் குடும்பங்கள் வருகிற நேரம்.

மூன்றையும் விட்டுவிட்டு அழைப்புகளைப் பிரித்தோம். கிச்சனுக்கு ஏதாவது கொண்டுவரும் உறவுகள், அதாவது சித்திகள், சினாம்பா, பட்டறை, ஞாயிறு மதியங்கள், ஞானஸ்நானங்கள்: இவற்றில் கை வைப்பதில்லை. பணம் தருபவை ஒரு மாதத்துக்கு ஒன்று. வெறும் படத்துக்கும் பெயருக்கும் என்று இருப்பவற்றுக்கு மறுப்பு. அந்த மறுப்பைச் செஃப் வாயால் சொல்ல வேண்டாம் என்றும் முடிவானது, ஏனென்றால் அவரால் முடியாது. அழைப்புகள் எல்லாம் பங்குதாரருக்குத் திருப்பிவிடப்படும். “கூட்டாளிதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்” என்று செஃப் பழியை அவர்மேல் போட்டுக்கொள்ளலாம். பங்குதாரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். “எப்படியும் நான்தான் இந்த வீட்டில் மாமியார்” என்றார்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை செஃப் இரவு வெளியூரில் தங்குவதில்லை என்பது இன்னொன்று. இதில் விவாதமே எழவில்லை.

ருசி பார்க்கும் உரிமை பற்றித்தான் நீண்ட நேரம் பேச்சு. கடைசியில், சூ செஃபும் மாவு அம்மாளும் இருவருமாகச் சேர்ந்து ருசி பார்த்து ஒத்துக்கொண்டால் எதையும் இறக்கலாம், செஃபைக் கேட்க வேண்டியதில்லை என்று எழுதி ஒட்டினோம். மாவு அம்மாளைச் சேர்த்தது செஃபின் யோசனை; நல்ல யோசனை. அவர் சம்பளப் பட்டியலில் கீழே இருந்தாலும் அந்தக் கிச்சனில் யாரும் எதிர்த்துப் பேசாத ஆள். ஒவ்வொரு முறையும் நன்றாக அமைந்த மோலேயிலிருந்து ஒரு சிறு டப்பா எடுத்து உறையவைத்து, அடுத்த முறை சூடாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பது என்றும் வழக்கமாக்கினோம். நினைவை நம்பி ருசி பார்ப்பதைவிட அது மேல். படம் அனுப்பி ஒப்புதல் கேட்பது அறவே கூடாது என்றும் சொன்னோம்.

புதுப் பதார்த்தங்களுக்குச் செவ்வாய் காலை. செஃப் தன் குறிப்பேட்டோடு வருவார், இரண்டு மூன்று பேர் கூட நிற்பார்கள். அவர் இல்லாத ஒரு நாளில் அவர்களே அதைச் செய்து காட்டிய பிறகுதான் மெனுவில் ஏறும். அதோடு, செஃப் சோச்சிமில்கோவுக்கோ கால்பானுக்கோ போகும்போது கிச்சனிலிருந்து ஒருவர் கூடப் போவார். அந்த நாளுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. விடுப்பும் ஒழுங்காக வேண்டியிருந்தது. முதல் ஆண்டு முடித்த தொழிலாளிக்கு ஆறு நாளாக இருந்த சம்பள விடுப்பை மெக்சிகோ சட்டம் 2023 ஜனவரியிலிருந்து பன்னிரண்டாக்கியிருந்தது. தாளில் அது இருந்தது, அட்டவணையில் இல்லை.

பிறகு நடந்தது

முதல் இரண்டு மாதம் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நினைவு நாட்களை ஒட்டி, செஃப் பங்குதாரருக்குத் தெரியாமல் மூன்று நிகழ்ச்சிகளுக்குச் சரி சொல்லியிருந்தார். ஒன்று ரத்தானது, இரண்டுக்குப் போனார். அந்த வாரம் மோலேயை இருவருமாக இறக்கினார்கள். திரும்பி வந்த செஃப் ருசி பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இனிப்பு இருக்கலாம் என்றார். மாவு அம்மாள் உறையவைத்த டப்பாவைச் சூடாக்கி அவர் முன்னால் வைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. செஃப் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

2024 பிப்ரவரி ஓவியச் சந்தை வாரத்தில் ஒரு நண்பரின் கலைக்கூட விருந்துக்குப் பங்குதாரர் மறுப்புச் சொன்னார். காசு தராத, கிச்சனுக்கு எதுவும் கொண்டுவராத விருந்து; நாங்கள் வகுத்த பிரிவின்படி மறுப்புச் சரி. ஆனால் அந்த நண்பர் பத்து வருடப் பழக்கம். செஃபே போன் எடுத்துச் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அதன்பிறகு வெகுநாள் அவர் உணவகப் பக்கம் வரவில்லை. நட்பைப் பிரிவு போட்டுப் பார்ப்பதில் இப்படி ஒரு விலை இருக்கிறது, அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மே 10 சுமுகமாகக் கழிந்தது. செஃப் அன்று தன் தாயாரை அழைத்துவந்து, உள்ளே போகாமல் வாடிக்கையாளர்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு முறை எழுந்து கிச்சனுக்குள் எட்டிப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு நாள் கழித்து மிச்லின் முதல் மெக்சிகோ பட்டியல் வந்தது. புஜோலுக்கும் கின்தோனிலுக்கும் இரண்டு நட்சத்திரம். எல் கலீஃபா தே லியோன் என்ற சின்னத் தாக்கோ கடைக்கு ஒன்று. நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை அது. கிச்சன் ஆட்கள் நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினார்கள். கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்ற விளம்பரப் பெண்ணின் கவலைக்கு அந்தத் தாக்கோ கடை ஒரு பதில் என்று சூ செஃப் சொன்னார். விளம்பரப் பெண் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

பணம் குறைந்தது. நிகழ்ச்சி வரவு போனதால் புது அரவை இயந்திரம் வாங்குவது தள்ளிப்போனது. பழையதையே பழுது பார்த்தார்கள். புத்தகமும் நகரவில்லை. அந்த ஆண்டுக் குவாதலஹாரா கண்காட்சிக்குள் முடிக்க வேண்டும் என்று பதிப்பகம் கேட்டிருந்தது, முடியவில்லை. செஃப் எழுதுவதே விமானங்களிலும் விடுதி அறைகளிலும்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பயணத்தைக் குறைத்தபோது எழுதும் நேரமும் கூடவே போய்விட்டது.

2024 ஆகஸ்டில் சித்திகள் வந்தார்கள். சூ செஃப் அந்த வசந்தத்தில் கால்பானில் ஒரு ஞானஸ்நானத்துக்குச் செஃபோடு போய்வந்திருந்ததால் அவர்களுக்கு அவர் முகம் தெரியும். இரண்டாம் வார இறுதியில் செஃபுக்குக் காய்ச்சல். சூ செஃபே கூப்பிட்டார், சித்திகள் வந்தார்கள், அவரை நடுவில் உட்காரவைத்து நகத்தை எப்படிப் பிடிப்பது என்று திருத்தினார்கள். சாஸ் வெள்ளையாக வந்தது. பருவம் முடியும்வரை ஒரு தட்டும் திரும்பவில்லை.

ஆண்டு இறுதியில் சூ செஃப் வேலையை விட்டார். இஸ்தபலாபாவில், சென்ட்ரல் தே அபாஸ்தோ மொத்தச் சந்தைக்கு அருகே, சொந்தமாக ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை. சண்டை எதுவும் இல்லை. செஃபே முதல் நாள் போய்ப் பரிமாறினார். பங்குதாரருக்கு மட்டும் மனத்தாங்கல். ஓராண்டு ஒருவரைத் தூக்கிவிட்டால் அவர் கிளம்பிவிடுகிறார் என்றார். எனக்கு அது வருத்தமாகத் தோன்றவில்லை. அவர் இடத்துக்கு வந்த பெண், செவ்வாய்க் காலைகளில் முதல் நாளிலிருந்தே நின்றவர்.

இன்னொரு முறை என்றால்

ருசி உரிமையை முதலிலும், அழைப்புகளைப் பிரிப்பதை இரண்டாவதாகவும் செய்திருக்கலாம். மோலேயை இருவர் இறக்கத் தொடங்கியபின் செஃபின் பயணங்கள் அவ்வளவாகச் சேதம் செய்யவில்லை. நாங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கியதால், எது எதற்கு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. வருமானமும் தேவைக்கு மேல் குறைந்திருக்கலாம். நெருங்கிய நண்பர்களுக்கு மறுப்பைச் செஃபே சொல்ல வேண்டும் என்ற விதிவிலக்கும் வைத்திருக்க வேண்டும். புத்தகத்துக்கு வாரத்தில் ஒரு முற்பகலை முதலிலேயே ஒதுக்கியிருந்தால் கண்காட்சியைப் பிடித்திருப்பார்களா தெரியாது, முயற்சியாவது நடந்திருக்கும்.

கூலி விஷயம்தான் எல்லாவற்றிலும் தாமதமாகக் கண்ணில் பட்டது. சித்திகளின் உழைப்பு இல்லாமல் அந்த உணவகத்தின் மிக விலையுயர்ந்த பதார்த்தம் இல்லை. உறவு என்பதால் அதற்கு ரசீது இல்லை. செஃபின் சமூக வாழ்க்கை கிச்சனுக்குக் கொண்டுவருகிறது என்று நான் மேலே எழுதினேனே, அந்த வரவில் ஒரு பகுதி பிறருடைய சம்பளமில்லாத வேலை. 2024 பருவத்திலிருந்து உரித்த பருப்புக்குக் கிலோ கணக்கில் பணம் தருகிறார்கள். மூத்த சித்தி முதலில் வாங்க மறுத்து, பிறகு மகள்களுக்குக் கொடுக்கச் சொன்னார். மதியச் சாப்பாடும் பையும் பழையபடி தொடர்கின்றன.

சோச்சிமில்கோ அம்மாளின் கீரைக்கு மெனுவில் அவர் பெயரைப் போட்டார்கள். அவருக்கு அதில் மகிழ்ச்சி. குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் அவருக்கு ஒரு பங்கு தர வேண்டுமா என்ற கேள்வியைச் செஃப் எழுப்பியிருக்கிறார். கீரை வாங்கும் விலையைக் கூட்டினால் போதும் என்கிறார் பங்குதாரர். இதை எழுதும்வரை அது முடிவாகவில்லை.